என் புத்தகத்தில் போடு, தவுக்கே

அம்மா போய் ஒரு மாதம் கழித்துத்தான் அவருடைய அலமாரியைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. சேலைகளுக்கு அடியில் ஒரு சதுர பிஸ்கட் டின். உள்ளே சேமநிதிக் கடிதங்கள், என் ஞானஸ்நானச் சான்றிதழ், அப்பாவின் பழைய அடையாளக் கார்டு, ஒரு மொய் நோட்டு, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு. ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. "ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனாங்க, ரப்பர் இன்னும் விடமாட்டேங்குது பாரு" என்று தங்கை சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் கொட்டை எழுத்தில் 555. கடையில் கடன் வைப்பவர்களுக்கு ஆளுக்கொன்று. வாங்கிய சாமான், விலை, தேதி எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கூட்டிப் பார்த்துக் காசைக் கட்டினால் கடைக்காரர் குறுக்கே ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அது ஒரு நாள்தான். மறுநாள் காலையில் புதுப் பக்கம்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊருக்கு இரண்டு இடம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது ஒன்று. இந்த ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இன்னொன்று. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நீங்களே சேர்ந்து வாங்குங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் பேச்சு எதில் தொடங்கினாலும் கடைசியில் காசில்தான் போய் நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காசைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் அன்பைப் பற்றிப் பேச முடியாது.

தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. பசி அப்படி இல்லை. பால்மரம் வேறு தன் இஷ்டத்துக்குத்தான் நடந்துகொள்ளும். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், இருக்கும் பால் தண்ணீரோடு வழிந்து போகும். ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டும் மாதங்களில் பால் சுண்டிவிடும். இந்த மாதங்களை எல்லாம் தாண்ட வைத்தது சம்பளம் அல்ல, டவுனில் இருந்த சீனர் கடையின் 555 புத்தகம்தான். அந்தத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, தோட்டத்துத் தமிழ் பேசுவார். "தங்காச்சி, இந்த மாசம் நெறைய ஏறிப்போச்சு லா" என்பார். ஆனாலும் எழுதுவார்.

புத்தகங்களை வருஷ வாரியாகப் பிரித்து வைத்துப் புரட்டியபோதுதான் அந்த எழுத்தைக் கவனித்தேன். சில வரிகளுக்கு முன்னால் ஒரு ‘ப’. ப அரிசி. ப பால் டின். ப மண்ணெண்ணெய். சாமான் பெயரும் விலையும் தவுக்கேயின் கிறுக்கல். அந்த ‘ப’ மட்டும் அம்மாவின் கையெழுத்து, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பின் உருண்டையான கையெழுத்து. நான் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். புரியாத குறியீட்டைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் யோசித்தேன். தங்கைதான் கண்டுபிடித்தாள்: "பக்கத்து வீடு."

பக்கத்து வீட்டு அத்தையின் கணவர் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையில் இருந்தவர். திடீரென்று ஒருநாள் போய்விட்டார். நான்கு பிள்ளைகள். அத்தையின் 555இல் ஓர் அளவுக்கு மேல் ஏற்றத் தவுக்கே தயங்கினார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கும் ஈப்போவில் மொத்தக் கடைக்காரர் ஒருவர் இருந்திருப்பார். அம்மா கடை வாசலில் நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது ஐஸ் கட்டி உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

"அவங்க எது கேட்டாலும் குடு. என் புக்குல போடு, தவுக்கே."

அது ஏதோ ஒரு நாள் நடந்தது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகங்கள் நான்கு வருஷம் என்கின்றன.

அதில் 1987ஆம் ஆண்டின் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த வருஷம் ஆடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை. அத்தையின் கோழிகள் அம்மாவின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டன. அம்மா வீசிய விறகுக்கட்டையில் ஒரு கோழிக்குக் கால் ஒடிந்தது. அத்தை லயமே, எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே, கேட்கக் கத்தினார்: "வேதக்காரி பண்ற வேலையா இது? ஞாயித்துக்கெழம வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு எதுக்குப் போற?" அம்மா பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. போதகர் கேட்டிருந்தால் அந்த மாதம் அம்மாவுக்கு ராப்போஜனம் கிடைத்திருக்காது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. குழாயடியில் ஒருவர் நின்றால் மற்றவர் போகமாட்டார். தீபாவளிக்கு வேலிமேல் ஒரு முறுக்குத் தட்டு வந்து உட்கார்ந்ததும்தான் ஓய்ந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதப் பக்கங்களிலும் ‘ப’ இருக்கிறது. ப அரிசி, ப சீனி, ப மைலோ. அத்தை கடைக்கு வரவில்லை, மூத்த பையனை அனுப்பினார். அம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வரியில் மட்டும் ‘ப’ மிகவும் அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. கோபம்தான் அது, எனக்கு அந்தக் கையைத் தெரியும். கிழித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வேதத்தில் அன்பைப் பற்றிய அதிகாரமான 1 கொரிந்தியர் 13 வாசிக்கப்படும். மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார், பெண் மாலையைச் சரிசெய்வாள், யாரும் கேட்கமாட்டார்கள். அப்போஸ்தலர் பவுல் அதைக் கல்யாண வீட்டுக்கு எழுதவில்லை. அடிதடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சபைக்கு எழுதினார். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐக்கிய விருந்தில் முந்தி வந்தவர்கள் தின்று தீர்த்துவிட, "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடிவெறிதான்) என்று இரண்டு அதிகாரம் முன்னால்தான் திட்டியிருக்கிறார். வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகளுக்கு வெறும் பாத்திரம். தோட்டத்துக்காரனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அந்த அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் "தீங்கு நினையாது" என்று வருகிறது. சின்ன வயதிலிருந்து நான் இதை, அன்புள்ளவன் அடுத்தவனுக்குக் கெடுதல் நினைக்கமாட்டான் என்றே புரிந்துவைத்திருந்தேன். (அதற்கு முன்னால் வரும் "தற்பொழிவை நாடாது" என்பது எந்தக் காலத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. கத்தோலிக்க நண்பன் வீட்டுத் திருவிவிலியத்தில் "தன்னலம் நாடாது" என்று பார்த்தபோது ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருந்தேன்.) போன வருஷம் வேதபாட வகுப்பில் எங்கள் இளம் போதகர் ஒரு விஷயம் சொன்னார். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘லோகிசோமாய்’ என்ற வினைச்சொல். கணக்கர்கள் புழங்கிய சொல். எண்ணுவது, கணக்கில் வைப்பது, பேரேட்டில் ஏற்றுவது. ஆபிரகாமின் விசுவாசம் "நீதியாக எண்ணப்பட்டது" என்ற இடத்திலும் அதுதான், தேவன் உலகத்தாருடைய "பாவங்களை எண்ணாமல்" என்று 2 கொரிந்தியர் 5இல் வரும் இடத்திலும் அதுதான். ஆக, அன்பு தனக்குச் செய்யப்பட்ட தீங்கைக் கணக்கில் ஏற்றாது. என் தொழில் சொல்லிலேயே வேதம் என்னிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை.

அப்புறம் பிலேமோன் நிருபம். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனம். ஒநேசிமு என்ற அடிமை எஜமானை விட்டு வந்திருக்கிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிறார்: "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அடுத்த வசனத்தில், இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். பெரும்பாலும் இன்னொருவரைவிட்டு எழுதச் சொல்லும் பவுல் இந்த இடத்தில் தானே பேனா பிடிக்கிறார். கடன் பத்திரம் என்றால் கையெழுத்து வேண்டுமே. அம்மா இந்த நிருபத்தை எப்போதாவது வாசித்திருப்பாரா? அவர் சங்கீதத்தையும் யோவானையும் விட்டு வெளியே அதிகம் போனதில்லை. ஆனால் அவர் போட்ட ‘ப’வும் சொந்தக் கைதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் அழகான கட்டுரையாக முடிந்திருக்கும். என் சங்கதி அப்படி இல்லை.

2019இல் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, என்னிடம் 5,000 வெள்ளி வாங்கினார். செம்பனைப் பழம் ஏற்றும் லோரிக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார். மூன்று மாதத்தில் தருகிறேன் என்றார். நான் என் கைப்பேசிக் குறிப்பில் தேதியோடு எழுதி வைத்தேன். தொழில் பழக்கம். லோரி ஓடுகிறது. பணம் வரவில்லை. அண்ணன் ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்து கணீரென்று பாடுகிறார். அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன், அதாவது கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன கடன்காரன் கதை வரும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ராஜா பதினாயிரம் தாலந்தை மன்னித்தார். மன்னிக்கப்பட்டவன் வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தான். நாங்கள் ரிங்கிட்டையே வெள்ளி என்று சொல்கிறவர்கள். ஓய்வுநாள் பள்ளியில் நான் அதை நூறு ரிங்கிட் என்று நினைத்து, இதுக்காடா கழுத்தைப் பிடிச்சான் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பிரசங்கிகளும் "வெறும் நூறு காசு" என்றுதான் பேசுகிறார்கள். அந்த வெள்ளிப்பணம் தெனாரி என்ற ரோமக் காசு, ஒரு கூலிக்காரனின் ஒருநாள் சம்பளம். நம் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளால் வகுத்தால் நாளுக்கு 65 சொச்சம். நூறு நாளுக்கு 6,500க்கு மேல். இது சில்லறையா? தாலந்துக் கணக்கோ தலைசுற்றும்: ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரி, அப்படிப் பதினாயிரம். ஆறு கோடி நாள் கூலி. எந்த அடிமையாலும் எந்தப் பிறவியிலும் கட்ட முடியாத தொகை.

எனக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. இயேசு சின்னத் தொகையைச் சொல்லி என்னை வெட்கப்படுத்தவில்லை. உனக்கு வர வேண்டியது நிஜமான பணம்தான், வலிக்கத்தான் செய்யும் என்று தெரிந்தே சொல்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணனிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அவர் என் தோளில் கை போட்டு, "தம்பி, அன்பு கணக்குப் பாக்காதுன்னு வேதமே சொல்லுதே" என்றார். போதகரின் அதே வகுப்பில் அவரும் இருந்தார்! எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மாவின் டின்னைத் திரும்பத் திறந்தேன், இந்தத் தடவை மொய் நோட்டுக்காக. என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் திருப்பி எழுதியபோது பக்கத்தில் ஒரு டிக். ஒரு டிக்கூட விடுபடவில்லை. "அவங்க நமக்கு இருபது எழுதுனாங்க, நம்ம முப்பது எழுதணும்" என்று அப்பாவோடு சண்டை போடுவார். நான்கு வருஷம் பக்கத்து வீட்டுக்கு எழுதியதை ஒரு நாளும் கூட்டிப் பார்க்காத அதே கை. பக்கங்களின் கீழே கடைக்கு நாங்கள் கட்ட வேண்டிய மொத்தத் தொகை இருக்கிறது, ‘ப’வுக்கென்று தனியாக ஒரு கூட்டல் எங்குமே இல்லை. அப்படியானால் எதற்கு அந்த ‘ப’ என்று தங்கையிடம் கேட்டேன். அப்பா கேட்டால் இது நம் வீட்டுச் செலவில்லை என்று காட்டத்தான் என்றாள். இருக்கும். அப்பா கணக்கில் கெட்டி.

அம்மா கணக்கே பார்க்காதவர் இல்லை. தான் கொடுக்க வேண்டியதைக் காசு சுத்தமாகப் பார்த்தார். ரோமர் 13:8 சொல்வதும் அதைத்தான் என்று இப்போது படுகிறது: "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்." அன்பு கணக்குப் பார்க்காது என்பதை, வாங்க வேண்டியவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். கொடுக்க வேண்டியவன் அதை எடுத்து அவனிடம் நீட்டக் கூடாது. நீட்டினால் அதற்கு வேறு பெயர், தோட்டத்தில் நல்ல பெயர்கள் இருக்கின்றன.

இதை அண்ணனின் 5,000க்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு குத்தகைக்காரர், எங்கள் சபை அல்ல, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 200 வெள்ளிக்கு எடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரிடம் பழம் வெட்டிய இந்தோனேசியப் பையனுக்கு அப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவன் எங்கள் கடையில் வந்து நின்று, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுக்குக் கடன் கேட்டதால் எனக்குத் தெரியும். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது லேவியராகமம் 19:18. அதற்கு ஐந்து வசனம் மேலே, "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று இருக்கிறது. அதே அதிகாரத்தின் 34ஆம் வசனம் அந்நியனிலும் உன்னைப்போல அன்புகூரு என்கிறது, காரணமும் சொல்கிறது: "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே." எங்கள் பாட்டனார் கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். 1938இல் இந்திய அரசு அந்த வழியை மூடுவதற்கு முன்னால் வந்து சேர்ந்த கூட்டம். லயத்தில் அன்று நாங்கள் இருந்த அறைகளில் இன்று வேறு ஊர்ப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். பூட்ஸ் கொடுத்தேன். முதலாளி கேட்டால் என் கணக்கு என்று எழுதி வைத்தேன். அம்மாவைப் போல் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அது 18 வெள்ளி, நான் இன்றுவரை மறக்கவில்லை பாருங்கள்.

போன மாதம் ஒரு காலையில் அண்ணன் கூப்பிட்டார். அண்ணிக்கு ஈப்போவில் கண் ஆப்பரேஷன், லோரியில் அழைத்துப்போக முடியாது, மகன் சிங்கப்பூரில். "தம்பி, ஒன் கார்ல…" என்று இழுத்தார். வருகிறேன் என்றேன். போகிற வழியெல்லாம் மூவரும் மழையைப் பற்றிப் பேசினோம். அண்ணியை உள்ளே அழைத்துப்போன பிறகு, வெளியே பெஞ்சில் நானும் அண்ணனும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கவாட்டில் பார்க்கும்போது அவருடைய கழுத்து மெலிந்துபோயிருந்தது. பின்னாலிருந்து பார்த்து எனக்கு அது தெரியவில்லை. கையில் அண்ணியின் கண்ணாடியை வைத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார், சுத்தமான கண்ணாடியைத் திரும்பத் திரும்ப.

மத்தியானம் எதிரே இருந்த கடையில் சாப்பிட்டோம். வாழையிலைச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு தே தாரேக் டீ. நான் பர்ஸை எடுப்பதற்குள் அண்ணன் எழுந்துபோய்க் காசு கட்டிவிட்டார். இருபத்தாறு வெள்ளி. "இருக்கட்டும் தம்பி" என்றார்.

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்து நிற்கும்போது, நான் கேட்காமலே, உள்ளே யாரோ எழுதினார்கள்: மீதி 4,974.